சூசை அண்ணன் கையில் என் பல் தடம்

சூசை அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். ஹார்ட் அட்டாக்... தூக்கத்திலேயே.

இந்த மனுஷனை நான் கடித்திருக்கிறேன். நிஜமாகவே. திருவிழாப் பூசை அன்று, கோயில் வாசலில், ஊரே பார்க்க, ரத்தம் வரும்படி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை அண்ணனுக்குப் பல்லடம் பக்கம் ஆட்டுக்கறிக் கடை. எங்கள் ஊர் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் வாலன்டியர். எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ, இரண்டு காலும் வராது. வீல்சேர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கோயிலுக்கு உயரமான படிகள். ஞாயிறு தவறாமல் அண்ணனும் இன்னும் இரண்டு ஆம்பளைகளும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைப்பார்கள்.

கேட்கவே மாட்டார்கள். அக்குளில் ஒரு கை, தொடைக்கு அடியில் ஒரு கை... சேலை எங்கே விலகினாலும் விலகட்டும். பின்னால் நிற்பவர்கள் "பாவம்" என்பார்கள். அந்த "பாவம்" கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூசை முடிந்தாலும் அவர்கள் வாசலில் பேசி முடிக்கும்வரை நான் உள்ளேயே கிடக்க வேண்டும். பாத்ரூம் அவசரம் என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

சாய்தளம் கட்டுங்கள் என்று கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அதான் தூக்கிவிட ஆள் இருக்கிறதே, அப்புறம் எதற்கு என்றார்கள். சேவையாம்!

அந்தத் திருவிழா அன்று, வேண்டாம், நான் கீழேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. பவனி வருகிற அவசரம், அலாக்காகத் தூக்கிவிட்டார். என் தோளைச் சுற்றி வந்த கையை, கட்டைவிரல் அடியில், கவ்வினேன்.

வலியில் ஓர் அறை விட்டார் பாருங்கள்... காது கொய்ங் என்றது. நான் விடவில்லை. இரண்டு பேரும் படியில் உருண்டோம். என் முழங்கை பிய்ந்தது, அவர் வெள்ளைச் சட்டை சிவப்பானது. பேண்டு வாத்தியம்கூட நின்றுபோனது.

மன்னிப்புக் கேள் என்று அம்மா அழுதார். மாட்டேன் என்றுவிட்டேன். அடுத்த வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் தாமரை இலையில் சுற்றிய கறி.

"ஏனம்மணி, நாய் கடிச்சவனுக்குப் போடறாப்ல எனக்கும் ஊசி போட்டுட்டாங்க. உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

"என்னைத் தூக்காதீங்ணா. அந்தப் படிய ஒடச்சுப் போடுங்க."

கோபத்தில் சொன்னேன். அந்த ஆள் நிஜமாகவே உடைத்துவிட்டார்!

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து கோயில் காலியானதும், சம்மட்டியோடு போய்க் கீழ்ப்பாதிப் படிகளைப் பெயர்த்துவிட்டார். அந்தப் படிகள் ஒரு கோழிப்பண்ணைக் குடும்பத்தின் உபயம். பக்கச்சுவரில் பளிங்கில் பேர் வெட்டி வைத்திருந்தார்கள். அதுவும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அந்த வீட்டுப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தன் செங்கல்லால் அண்ணன் நெற்றியில் அடித்தான். அண்ணன் அவனைக் கழுத்தோடு பிடித்து அந்த இடிபாட்டிலேயே போட்டார். இன்னொருத்தனுக்கு முன்பல் போனது. விலக்கப் போன ஃபாதருக்கும் ஒரு குத்து.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏறப் படி இல்லை. இப்போது எல்லோரையும் யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்?

உபயம் கொடுத்த பெரியவரை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். பாதியில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. நான் கீழே வீல்சேரில் உட்கார்ந்து, சத்தமாகவே சொன்னேன்... "பாவம்."

அந்த வாரமே பேரவை கூடிச் சாய்தளத்துக்குச் சரி என்றது.

உடைத்தவனே கட்டுகிறேன் என்று அண்ணன் இறங்கினார். ஆடுகளை டெம்போவில் ஏற்றப் பலகை சாய்த்து வைப்பார்கள் இல்லையா? அவருக்குத் தெரிந்த சாய்தளம் அது ஒன்றுதான். அதே செங்குத்தாகக் கட்டிவைத்தார்!

யாரும் தொடக்கூடாது என்று நானே ஏறினேன். பாதியில் வண்டி பின்னால் உருண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, நான் குப்புற விழுந்து, தாடை கிழிந்தது. ரத்தத்தோடு படுத்தபடியே, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் அவரைச் சொன்னேன். கோயில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் சாய்தளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆடெல்லாம் ஏறுதே அம்மணி..."

"ஆட்டுக்கு நாலு காலுங்ணா!"

மறுநாள் அதே சம்மட்டி. அதையும் உடைத்தார். இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது போதுமா, இன்னும் நீட்டணுமா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். கை வைக்கும் முன்னால் அந்த மனுஷன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

புதுச் சாய்தளத்தில் நான் ஏறினபோது கூடவே நடந்து வந்தார். பழக்கத்தில் கை நீண்டுவிடும் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு. கட்டைவிரல் அடியில் என் பல் தடம் அப்படியே தெரிந்தது.

இன்று சாயங்காலம் அடக்கப் பூசை. நான் முன்னாடியே போய் உள்ளே இருப்பேன். நானே ஏறி.

உங்களை மட்டும் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள் அண்ணா. உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்...

கடிச்சுப் போடுங்ணா.