அக்காவின் இடது புருவம்

எழுத வேண்டிய ஆள் நான் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முகங்களைக் கீறிக் கொடுப்பது என் தொழில். அதிகம் பேசத் தேவையில்லை என்பதாலேயே அந்தத் தொழில் எனக்கு ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம், “கொஞ்சம் வெளிச்சப் பக்கம் திரும்புங்க” என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதில்லை. அக்காவின் மகள் ஒரு கட்டுத் தாளை வாங்கி வந்து மேசையில் வைத்து, “சின்னம்மா, நீங்க எழுதாட்டி இது சும்மா கிடந்து பூச்சி அரிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தாள் வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு பெண்மணி என்னிடம் படம் கீற வந்தார். மூக்கின் பக்கத்தில் இருந்த மச்சத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். முடியாது என்றேன். “ஒரு புள்ளிதானே, அதை விட்டா உங்களுக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார். பதில் இருந்தது. அது நீளமானது.

என் அப்பாவும் படம் கீறுகிறவர்தான். மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில் எங்கள் வீடு. வீட்டின் பின்பக்கத்துப் படிக்கட்டில் தோணி வந்து ஒட்டும். வவுணதீவுப் பக்கத்திலிருந்து போடிமார் அதில் வந்து இறங்குவார்கள். பெரிய வயல் வட்டைகளுக்குச் சொந்தக்காரர்களான அவர்கள் தலைப்பாகையும் கடுக்கனுமாக நாற்காலியில் அமர்ந்தால் மூச்சு விடவும் யோசிப்பார்கள். நீதிமன்றத்துப் புரக்டர்மார் வருவார்கள், அவர்களுடைய மனைவிமார் வருவார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குத் தேவையான அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், படங்களையும் அப்பாதான் கீறிக் கொடுப்பார்.

தொடங்குவதற்கு முன் அப்பா சிலுவை அடையாளம் போடுவார். பிறகு, மற்றப் படக்காரர்கள் கண்ணில் தொடங்குகிற இடத்தில், அவர் மச்சத்தில் தொடங்குவார். மச்சம் இல்லாவிட்டால் அம்மைத் தழும்பு. அதுவும் இல்லாவிட்டால் கோணல் பல். ஒன்றுமே இல்லாத முகம் வந்தால் அவருக்குச் சந்தேகமாக இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெற்றிலை போடப் போய்விடுவார். ஏன் அப்படி என்று கேட்டால், “ஆண்டவர் கடைசியாக் கை வச்ச இடம் அதுதான்” என்பார். இது வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பங்குச் சுவாமியாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவர் மறுத்துப் பேசியதில்லை. சுவாமியாரின் படத்தை அப்பா அவருடைய முன்வழுக்கையில்தான் தொடங்கினார்.

ஒருமுறை ஒரு போடியார் தன் மாறுகண்ணை நேராக்கச் சொன்னார். அப்பா முடியாது என்றார். இரண்டு பேரும் அரை நாள் முறைத்துக்கொண்டிருந்த பிறகு, அப்பா அவரைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்து ஒரு கண்ணை மட்டும் கீறினார். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. போடியார் மகிழ்ந்துபோய் ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பினார்.

இனி அக்காவின் புருவம். அவளுடைய இடது புருவத்தை ஒரு வெட்டுத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அது என் வேலை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பாவின் வர்ணப் பெட்டியின் தகர மூடியைத் தூக்கி எறிந்தேனாம். எறிந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் வீட்டில் யாராவது அதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். அக்கா மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் தலைமயிரை நெற்றியில் இறக்கி இழுத்துச் சீவிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அக்காவைப் பெண் பார்க்க இரண்டு இடத்தார் வந்தார்கள். இரண்டு முறையும் அவளைக் கூப்பிட்டு, மயிரை ஒதுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா குசினி அடுப்படியில் முணுமுணுத்ததை நான் கேட்டேன்: “இந்த வெட்டுத்தான் இவட வாழ்க்கையக் கெடுக்குது.” அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்தவர் காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையோடு வருகிற முஸ்லிம் வியாபாரி; அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை வாவிக்கு அந்தப் பக்கத்து மிசன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராம்.

“படக்கார ஐயா, அவங்க போட்டோ வேணாமாம். உங்கட கையாலேயே மகள்ட முகத்தக் கீறித் தரட்டாம்.”

“அதென்ன அப்பிடி?” என்றார் அம்மா.

“அது எனக்குத் தெரியா தங்கச்சி. நான் துணிக்காரன். கேட்டதச் சொல்றன்.”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவை ஜன்னலடியில் உட்காரவைத்து, மயிரை மேலே வாரிக் கட்டச் சொன்னார். சிலுவை போட்டார். தூரிகையை எடுத்து, நேரே தழும்பில் தொடங்கினார்.

அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். “அந்தப் போடியாரத் திருப்பி வச்ச மாதிரி இவளையும் கொஞ்சம் திருப்பி வச்சாக் குறைஞ்சா போயிருவீங்க?”

“போடியாருக்கு அந்த அளவு காணும். இது என்ட மகள்” என்றார் அப்பா.

இதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அக்கா அசையாமல் இருந்தாள். படம் முடிந்ததும், காய்வதற்காக ஒரு மாதம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார் அப்பா.

படத்தை அனுப்புகிற புதன்கிழமை காலை அப்பா பூசைக்குப் போயிருந்தார். படச் சட்டம் அடிக்கிற பறங்கி மாமா அதைப் பெட்டியில் வைத்து ஆணி அறைய வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் நான் என் பாவத்தைத் தீர்க்க வேண்டும். படத்தைத் திருப்பினேன். காவி, வெள்ளை, ஒரு துளி சிவப்பு என்று அப்பா கலப்பதைப் பார்த்திருக்கிறேன். வழுவழுப்பாக இருக்கட்டும் என்று ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்தேன். முதலில் தழும்பை மூடினேன். பிறகு கறுப்பைத் தொட்டு, வெட்டில் விட்டுப்போன புருவத்தை இணைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், குசினி வாசலில் அக்கா சுளகோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அப்பா பூசையிலிருந்து வந்தபோது பெட்டி ஆணி அறைந்து தயாராக இருந்தது. காக்கா அதை எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பிட்டும் தயிரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். படிக்கட்டில் தோணி ஒட்டியது. முதலில் காக்கா இறங்கினார், அவர் கையில் எங்கள் படம். அடுத்து, பூசைக்கு உடுத்த சேலையோடும் கழுத்தில் செபமாலையோடும் ஒரு பருத்த பெண்மணி இறங்கினார். தோணிக்குள் குடையின் கீழ் இன்னும் ஒருவர் இருந்தார். அவர் இறங்கவில்லை.

அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை! மாப்பிள்ளையே வந்திருக்கிறார்!” என்று தயிர்க் கையோடு ஓடினார். கலியாணப் பேச்சு முற்றாகும் முன் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறுவது வழக்கமில்லை. அதனால் அவர் தண்ணீரிலேயே இருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் உட்கார்ந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

“படக்கார ஐயா, கோவிக்கக் கூடாது. உங்களுக்கு எத்தின பொம்புளப் புள்ளைகள்?”

“ரெண்டு. மூத்தவ படத்துல இருக்கிறா. இளையவ அந்தா, கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறா.”

“வேற ஒருத்தியும் இல்லையா?”

“ஏன் கேக்கிறீங்க?”

“மாதா திருநாள் பவனியில கச்சான் காத்துக்கு ஒரு புள்ளையின்ட முக்காடு பறந்ததாம். என்ட மகன் பாத்தானாம். இடப் புருவத்துல ஒரு வெட்டு. அண்டு முதல் அந்த வெட்டச் சொல்லிச் சொல்லி என்ட காது புளிச்சுப் போச்சு. நீங்க ஒரு மச்சத்தையும் ஒளிக்க மாட்டீங்க எண்டு ஊரெல்லாம் சொல்லுது. அதுதான் போட்டோ வேணாம், உங்கட படம் வேணும் எண்டம்.” அவர் படத்தைச் சுட்டினார். “இதுல வெட்டு எங்க? யாக்கோபுக்கு லாபான் செஞ்ச வேலை எங்களுக்கும் நடக்குதோ எண்டு கேக்கத்தான் வந்தன்.”

ஒரு மகளைக் காட்டி இன்னொரு மகளை முக்காடு போட்டுக் கட்டிக் கொடுத்த லாபானின் பெயரைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஒரு கிறிஸ்தவனைக் கூப்பிடுவது சின்ன வசை இல்லை. அப்பாவின் முகம் சிவந்தது.

“லாபானா? அந்த ஆளுக்கு நான் துணி வித்ததே இல்ல” என்றார் காக்கா.

“காக்கா, நீங்க இந்த வீட்டுக்கு வந்து போறவர்தானே? புள்ளைக்கு வெட்டு இருக்கா, இல்லையா?”

“வயசு வந்த புள்ளையின்ட முகத்த நான் ஏன் பாக்கிறன் உம்மா? நான் துணியத்தான் பாக்கிறது.”

அப்பா படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். புருவம் முழுசாக, பளபளவென்று இருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்.

“என்னப் பாக்காதீங்க! நான் சொன்னன்தான். செய்யல்ல!” என்றார் அம்மா.

“அப்ப புள்ளையக் கூப்பிடுங்க, பாப்பம்” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

அக்கா உள்ளறையில் இருந்தாள். ‘வெட்டு’ என்ற சொல் முதல் தடவை காதில் விழுந்ததுமே அவள் கதவைச் சாத்திக் கொளுக்கி போட்டதை நான் மட்டும் கண்டேன். அதற்குப் பின் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. அம்மா போய்த் தட்டினார். “வெளிய வா மகள். ஒருக்கா வந்திற்றுப் போ.” கதவு திறக்கவில்லை.

“அந்தப் புள்ளை இருந்தாத்தானே வரும்” என்று மாப்பிள்ளையின் தாய் எழுந்தார். “வாங்க காக்கா, போவம்.”

எனக்கு அந்நியர் முன்னால் குரல் வராது. இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் மூன்றாவது இடமும் படி இறங்குவதைக் கண்டதும் கால்கள் தாமாக வந்து நடுவீட்டில் நின்றன. தரையைப் பார்த்துச் சொன்னேன்:

“நான்தான் அழிச்சன்.”

“என்னத்த?” என்றார் அப்பா.

“வெட்ட. நான்தான் மூடியால எறிஞ்சன். நான்தான் அழிச்சன்.”

மாப்பிள்ளையின் தாய் குனிந்து என்னைப் பார்த்தார். “அக்காட நெத்திய வெட்டினதும் நீ, ஒட்டினதும் நீயா? எங்கட ஊர் டாக்குத்தரைவிட நீ கெட்டிக்காரி.”

அப்பா விரல் நுனியால் படத்தின் புருவத்தைத் தொட்டார். விரல் ஒட்டியது. நான் ஊற்றிய எண்ணெய்க்கு அது இன்னும் ஒரு வாரம் போனாலும் காய்ந்திருக்காது. அடியில் அவர் கீறியது எப்போதோ காய்ந்து இறுகியிருந்தது. அவர் ஒரு துண்டுத் துணியில் டர்ப்பன்டைனைத் தொட்டு என் கையில் தந்தார். “மெதுவா. ஒரு தரம்தான்” என்றார்.

துடைத்தேன். என் புருவம் துணியோடு வந்தது. அதன் கீழே, அப்பா சிலுவை போட்டுத் தொடங்கிய அந்த வெட்டு, ஒரு இழை குறையாமல் அப்படியே இருந்தது.

“இயேசுவே!” என்றார் மாப்பிள்ளையின் தாய். பிறகு, “கொண்டு போய்க் காட்டுங்க அவனுக்கு” என்றார்.

காக்கா படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பவனியில் மாதா சுருபம் கொண்டுபோவதுபோல் படிக்கட்டுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். குடையின் கீழிருந்தவர் எட்டிப் பார்த்தார். உடனே எழுந்து நின்றார்.

“ஓம்! இவதான்! இந்த வெட்டுத்தான்!”

அது வாவியின் அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும். தோணி ஆடியது. குடை தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. “இருடா! கலியாணத்துக்கு முதல் தண்ணியில தாழப் போறாய்!” என்று அவருடைய தாய் கத்தினார். காக்கா படத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குடைக்குப் பின்னால் தண்ணீருக்குள் இறங்கினார். அப்பா சிரித்தார். அம்மா சிரித்தார். தோணிக்காரனும் சிரித்தான்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அக்கா வாவிப் பக்கத்து ஜன்னலடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் சத்தம் அவளை அங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். கண்ணீர் தாரையாக ஓடியது.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்ததற்குத்தான் அழுகிறாள் என்று எண்ணினேன். சேலையைப் பிடித்து இழுத்து, “அழாத அக்கா. அவங்க போனாப்பிறகு இன்னொருக்கா வடிவா அழிச்சு விடுறன்” என்றேன்.

அக்கா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். “தொட்டியோ, கையை முறிப்பன்” என்றாள். அவ்வளவு கோபமாகச் சொல்லிவிட்டு ஏன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், தலைமயிரை ஏன் இரண்டு கையாலும் பின்னுக்கு வாரி முடிந்தாள் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வெக்கையாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஒரு புரக்டரின் மனைவி படத்துக்கு வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் இரண்டு மச்சம். அப்பா பெரியதில் தொடங்கினார். நான் பள்ளிக்கூடம் போனேன்.