இரண்டு கை, இரண்டு கடிகாரம்

“உங்க வீட்டுல ரேடியோ இருக்கா?”

பிரசவம் பார்க்க வந்த நர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இப்படிக் கேட்டால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருப்பாள். கல்யாணசுந்தரி அதற்கெல்லாம் அசைவதில்லை. ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவாள். செய்தி தொடங்கும் நொடிக்கு ஈரக்கையோடு ஓடி வந்து நின்று, முதலில் இடது மணிக்கட்டைப் பார்ப்பாள், பிறகு வலது மணிக்கட்டைப் பார்ப்பாள். இரண்டிலும் கடிகாரம் இருக்கும்.

பள்ளத்தூர் வட்டாரத்துக்கு அவள் பன்னிரண்டு வருஷமாக அரசாங்க நர்ஸ். வயது முப்பத்தெட்டு. ஒடிசலான தேகம், வெள்ளைச் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பாள். பஸ் போகாத ஊருக்கு நடந்தே போய்விடுவாள். பையில் கத்தரிக்கோல், நூல், டெட்டால் புட்டி, வயிற்றில் வைத்துக் குழந்தையின் இருதயம் கேட்கும் அலுமினியக் குழல். வாயில் எப்போதும் ஒரு வார்த்தை: ‘எதுக்கும்.’ “எதுக்கும் இன்னொரு சட்டி வெந்நி போடுங்க.” “எதுக்கும் வண்டிக்காரரை வாசல்லயே நிக்கச் சொல்லுங்க.” “எதுக்கும் இன்னொருக்கா எண்ணிப் பாத்துருவோம்.” அவள் தெருவில் வந்தால் பிள்ளைகள், “எதுக்கும் அக்கா வாராக!” என்று கூவிக்கொண்டு ஓடும்.

எண்ணுவதுதான் அவள் தொழிலின் பாதி. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் இருதயம் நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்கு மேல், நூற்றறுபதுக்குள் அடித்தால் கவலையில்லை. நூறுக்குக் கீழே இறங்கினாலோ, இருநூறைத் தொட்டாலோ ஆபத்து. அதற்கு அவள் எண்ணும் நிமிஷம் முழு நிமிஷமாக இருந்தாக வேண்டும்.

இடது கைக் கடிகாரம் மதுரையில் பயிற்சி முடித்து முதல் சம்பளத்தில் வாங்கியது. தினமும் காலையில் இருபது திருகு சாவி கொடுக்க வேண்டும். நொடி முள் வழுக்கிக்கொண்டு போகும். காதில் வைத்தால் தவிட்டுப் பானைக்குள் பூச்சி விழுந்த மாதிரி சத்தம் கேட்கும். ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம் பிந்தும்.

வலது கைக் கடிகாரம் எழுபத்தேழில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. குவார்ட்ஸ். அந்தப் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்திராத பொருள். சாவியே கிடையாது. உள்ளே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பேட்டரி. முள் வழுக்காது, ஒரு நொடிக்கு ஒரு தத்து தத்தி நிற்கும். மாதத்துக்குக் கால் நிமிஷம்கூடப் பிசகாது என்று கொடுத்தவர் சொன்னார்.

கொடுத்தவர் புதுவயல் சபியுல்லா. அவர் கொடுத்த நாளிலிருந்துதான் கல்யாணசுந்தரிக்கு நிம்மதி போயிற்று.

அதற்கு முந்தின வருஷம் சபியுல்லாவின் மனைவி அஜீஸாவுக்குத் தலைப்பிரசவம். கல்யாணசுந்தரி இரண்டு நாளாக வேறு வேறு ஊரில் இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமலே நேராகப் புதுவயலுக்கு வந்திருந்தாள். குழலை வைத்து எண்ணினாள். நொடி முள் எட்டில் வந்து நின்றது, அசைந்தது, மறுபடி நின்றது. முள் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கிறவரை எண்ண வேண்டுமென்று அவள் எண்ணிக்கொண்டே போனாள். இருநூற்றுப் பன்னிரண்டு. காரைக்குடிக்குச் சொல்லியனுப்பிக் கார் பிடித்து, அஜீஸாவைப் பின்சீட்டில் கிடத்தி, அவள் அம்மா ரஹீமா தலையில் அடித்துக்கொண்டு அழ, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டரம்மா எண்ணியபோது நூற்று நாற்பது. சாயங்காலம் ஒரு குறையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது.

“என்ன நர்சம்மா, எங்க உசுரையே எடுத்துட்டீகளே” என்றாள் ரஹீமா.

“கடியாரம் கெட்டுப்போச்சு” என்றாள் கல்யாணசுந்தரி.

கடிகாரம் கெடவில்லை. இரண்டு நாள் அலைச்சலில் அவள் சாவி கொடுக்க மறந்திருந்தாள். காரில் போகும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு திருகினாள். முள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் அழகுசுந்தரத்திடம்கூட.

கெட்டுப்போன கடிகாரத்தின் கதை கடிதத்தில் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது. லீவில் வந்த சபியுல்லா பள்ளத்தூருக்கே தேடி வந்து சின்ன டப்பாவை நீட்டினார். “இது கெடாதுக்கா. பேட்டரி தீரப்போகுதுன்னாலும் முன்கூட்டியே சொல்லிரும். முள்ளு ரெண்டு ரெண்டு நொடியாத் தாவும். அப்ப மாத்திக்கிட்டாப் போதும்.”

அவர் முகத்தில் அன்பு மட்டும்தான் இருந்தது. அந்த அன்பைக் கல்யாணசுந்தரியால் நேராகப் பார்க்க முடியவில்லை. அன்பு மட்டும்தானா, இல்லை எல்லாம் தெரிந்துகொண்டு குத்திக் காட்டுகிறாரா என்று அரிக்க ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழையதைக் கழற்றவும் மனம் வரவில்லை. புதியது நின்றால் பேட்டரி மதுரைக்குப் போனாலும் கிடைக்குமோ என்னவோ; பழையதோ அவள் மறந்தால் நிற்கும். எதற்கும் இரண்டும் இருக்கட்டும்.

இரண்டு இருந்ததில் பயம் இரட்டித்தது. குழம்பு கொதிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதுகூட இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இது எத்தனை பிந்துகிறது, அது தாவுகிறதா? காலையில் சாவி கொடுத்தோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் நின்று திருகிப் பார்ப்பாள். எந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணுவது என்று முடிவு செய்ய ஏழு மாதமாகியும் அவளால் முடியவில்லை. ஒவ்வொரு வயிற்றிலும் இரண்டு தரம் எண்ணினாள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். கண்டனூரில் பெரிய வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் மருதுவின் மனைவி நாகவல்லிக்கு விடியற்காலையில் வலி கண்டது. மருதுவின் அம்மா காளியாயி ஆளனுப்ப, கல்யாணசுந்தரி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஒன்பது மணிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு எண்ணியபோது நூற்றுப் பத்து. வலி விட்டதும் ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை.

மறுபடி குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். பார்வை வலது கையில் இருந்தது. நொடி முள் தத்தி நின்றது. ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டு இரண்டு கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. மறுபடியும் இரண்டு. அவளுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

இடது கைக்கு மாறினாள். காலையில் சாவி கொடுத்தோமா? அவசரத்தில் கிளம்பியது நினைவிருக்கிறது. சாவி கொடுத்தது நினைவில்லை. திருகிப் பார்த்தாள். இரண்டாவது திருகிலேயே இறுகிற்று. கொடுத்துத்தான் இருக்கிறாள். காதில் வைத்தும் கேட்டாள். பிறகு எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. இரண்டிரண்டாகத் தாவுகிற முள்ளை வைத்தும் ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். தொண்ணூற்றாறு.

“என்ன நர்சம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் காளியாயி.

இரண்டு கடிகாரமும் ஒரே சேதியைத்தான் சொல்லின. இனி இது கெட்டுவிட்டது, அது நின்றுவிட்டது என்று எதன் மேலும் சாக்குச் சொல்ல முடியாது. அவள்தான் சொல்லியாக வேண்டும். “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே.”

கார் எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டில் இருந்தது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு அன்றைக்குத் திறந்து, வாசலில் வாழை கட்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு அம்பாசிடர் பூச்சரம் சுற்றி நின்றது. மருது முன்னால் ஓட, கல்யாணசுந்தரி பின்னால் ஓடினாள். அந்த வீட்டு நாச்சியார் ஆச்சி பட்டுச் சேலையோடு வெளியே வந்தார்.

“அழைப்புக்கு இன்னும் முக்கா மணி இருக்கு. அதுக்குள்ள வண்டி திரும்பிருமா?”

“திரும்பாது ஆச்சி.”

ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை இரண்டு மணிக்கட்டிலும் தங்கிப் போயிற்று. “புதுவயல்ல அன்னைக்கு ஒண்ணுமில்லாததுக்குக் காரெடுத்துக்கிட்டு ஓடுனது நீதானே?”

“நான்தான்.”

“இன்னைக்கு?”

எதுக்கும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணசுந்தரி அதை விழுங்கினாள். “இன்னைக்கு நிச்சயம் ஆச்சி. எண்ணிட்டேன். பிள்ளை தாங்காது.”

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேசத் தொடங்கினார்கள். ஆச்சி டிரைவர் பக்கம் திரும்பினார். “பூவையெல்லாம் பிச்சுக்கிட்டு நிக்காதே. அப்படியே எடு. மாப்பிள்ளை நாலு வீடு நடந்து வந்தாக் கால் தேஞ்சு போயிராது.”

மல்லிகை வாசத்துக்குள் நாகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் கல்யாணக் கார் என்று ஒதுங்கிச் சிரித்து வழிவிட்டார்கள். கல்யாணசுந்தரி ஒரு தரமும் வெளியே பார்க்கவில்லை. நாம் எண்ணியது தவறாக இருந்துவிடட்டும், ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம், தவறாக இருந்தால் இனி எந்த வீட்டு வாசலில் கால் வைப்பது என்று பயந்தாள்.

தவறாக இல்லை. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் இரண்டு சுற்று. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன் கொஞ்ச நேரம் நீலம் பாரித்துக் கிடந்துவிட்டுக் கத்தினான். “அரை மணி பிந்தியிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லை” என்று டாக்டரம்மா சொன்னார்.

மூன்றாம் நாள், மழை பெய்து ஓய்ந்த காலையில், புதுவயலுக்குப் போனாள். அஜீஸா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு மறுபடி ஏழாம் மாதம். கல்யாணசுந்தரி கைக்குட்டையை விரித்தாள். குவார்ட்ஸ் கடிகாரம் முந்தின நாளே நின்றுபோயிருந்தது.

“பேட்டரி போச்சா? எழுதிப் போட்டா அவுக அனுப்பி வைப்பாகளே” என்றாள் அஜீஸா.

“பேட்டரிக்காக வரலை அஜீஸா. அன்னைக்கு என் கடியாரம் கெடலை. நான்தான் சாவி குடுக்க மறந்துட்டேன். கடியாரத்து மேல பழியைப் போட்டேன். அதை நம்பித்தான் உங்க வீட்டுக்காரரு இதை வாங்கியாந்தாக.”

அஜீஸா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்க்கா. கார்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நீங்க சாவி குடுத்தீக. நான் பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தேன்.”

“அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“என்னன்னு சொல்ல? வழி நெடுக என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தீக. என் கையைவிட உங்க கைதான் நடுங்குச்சு.”

“இது நல்ல கடியாரம்தான்” என்றாள் கல்யாணசுந்தரி. “ஆனா, இதைக் கட்டிக்கிட்டா அது பாத்துக்கிரும்னு இருந்துருவேன். அது எனக்கு ஆகாது. சாவிக் கடியாரம் நின்னா, தப்பு என்னோடதுன்னு தெரியும்.”

அஜீஸா கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். “அவுக கேட்டா நான் சொல்லிக்கிறேன்.” கீரை முறத்தைத் தள்ளிவிட்டு, பாயை உதறிப் போட்டு, கையை ஊன்றி மெல்லச் சாய்ந்து படுத்தாள். “வந்தது வந்தீக. இதை ஒரு தரம் பாத்துட்டுப் போங்க.”

கல்யாணசுந்தரி பையிலிருந்து குழலை எடுத்தாள். மழைக் குளிரில் அலுமினியம் சில்லென்றிருந்தது. அதன் விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி, சூடு ஏறும்வரை அப்படியே வைத்திருந்துவிட்டு, அஜீஸாவின் வயிற்றின் மேல் வைத்தாள்.