கடலைப் பார்க்காத மீன்

நான் ஒரு மடையன். ஊரார் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. சந்தேகம் இருப்பவர்கள் என் கடையை வந்து பார்க்கலாம். கல்ஃபில் ஊர்ப்பட்ட வருடங்கள் ஏசி பழுது பார்த்துவிட்டுத் திரும்பி, எங்கள் கடற்கரையில் ஒரு சர்பத் கடை போட்டேன். கடற்கரைக் கடை என்றால் காற்றும் காட்சியும்தான் என்று நினைத்து, கடையின் வாயைக் கடலைப் பார்த்துத் திறந்துவைத்தேன். காட்சி முழுவதும் எனக்குக் கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்கு மணல் கிடைத்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், நன்னாரி சர்பத்தின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிறது என்று வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தது. அது சர்க்கரை இல்லை.

பக்கத்துக் கடை அக்கா முதல் நாளே கேட்டாள்: "ஏலே, கடலுக்கா சர்பத் விக்கப் போற?"

அவளுடைய கடை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்கும். சில பெஞ்சுகள், ஒரு தார்ப்பாய், இரண்டு அடுப்பு. அவித்த மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், தேங்காய் அரைத்த மீன் கறியும்தான் அங்கே சாப்பாடு. கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு வரும் வேன்கள் மதியத்துக்கு எங்கள் கரையில் நிற்கும். இறங்குகிறவர்கள் மூக்கு போன வழியே அக்கா கடைக்குப் போவார்கள். பிறகு காரம் தாங்காமல் என்னிடம் ஓடி வருவார்கள். உண்மையைச் சொன்னால், என் வியாபாரமே அவள் போட்ட மிளகாயில்தான் நடந்தது.

கடைக்கு மீன் கொண்டுவருவது அவள் கணவர். விடிந்து வள்ளம் கரை ஏறியதும், ஏலத்துக்குப் போகும் முன்பே நல்லதாகக் கொஞ்சம் எடுத்துவைத்து, தோளில் சுமந்துவந்து பலகையில் கொட்டுவார். சட்டை போட மாட்டார். கழுத்தில் உத்தரியம் மட்டும் கிடக்கும். பழுப்புக் கயிற்றில் கோத்த இரண்டு சின்னத் துணித் துண்டுகள். அதைப் போட்டிருப்பவனைக் கடல் கொண்டுபோகாது என்று அவர்களுடைய கத்தோலிக்கக் கோவிலில் நம்பிக்கை. எங்கள் சபையில் இதெல்லாம் கிடையாது. "அண்ணே, எங்க ஆளுகளுக்கு ஞானப்பாட்டு மட்டும்தான்" என்பேன். "பாடிக்கிட்டே முங்கிப்போவிய" என்பார். என் சர்பத் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு நாள் காற்று திடீரென்று திரும்பியது. அவருடன் வள்ளத்தில் போனவன் ஒரு காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்து, வேறொரு வள்ளத்தில் ஏறி உயிரோடு வந்தான். அவர் வரவில்லை. கரையில் இருந்த வள்ளங்கள் எல்லாம் போய்த் தேடின. ஒரு ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போனது. ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் கரையில் நின்று தேடினேன். நீச்சல் தெரியாதவன் வேறு எப்படித் தேடுவது.

கடலில் ஆள் போய் உடல் கிடைக்கவில்லை என்றால், எங்கள் கரையில் கொஞ்ச காலம் யாரும் மீன் தொடுவதில்லை. காரணத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். நானும் எழுதப் போவதில்லை. மீன் எதைத் தின்று வளர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒரு வீட்டில் குழந்தை அழும், இன்னொரு வீட்டில் விருந்தாளி வருவார், மெதுவாக ஒவ்வொரு சட்டியாக அடுப்பில் ஏறும். அந்த முறையும் அப்படித்தான் ஏறியது. அக்காவின் சட்டி மட்டும் ஏறவில்லை.

கடையைத் திறந்தாள். கிழங்கும் மிளகாய்த் துவையலும் வைத்தாள். வேன்களிலிருந்து இறங்கியவர்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"கடல் பக்கத்துலயே கடை வச்சிருக்கீங்க, மீன் இல்லைங்கிறீங்க?" என்று கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் கேட்டார்.

"கடல்லதான் இருக்கு. போய் எடுத்துக்கோங்க."

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அடுத்தடுத்து வேன்கள் அவள் கடை முன்னால் நிற்காமலே போயின. மிளகாய் போனதால் என் சர்பத்தும் போனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஈ ஓட்டினோம்.

கோவிலில் சாமியார் இறந்தவர்களுக்கான பூசை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் சம்மதிக்கவில்லை. உறவுக்காரர்கள், உடல் இல்லாவிட்டால் என்ன, அவருடைய சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடலாம், ஒரு முடிவாவது இருக்கும் என்றார்கள்.

"சட்டையைப் பெட்டியில வச்சுட்டா, வந்தா எதைப் போடுவாரு?" என்றாள். சட்டையே போடாத மனிதருக்கு. யாரும் அதைச் சொல்லவில்லை. நல்லவேளை, நானும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது கெட்டுப்போகும். கடல் மீன்தானே அவளுக்கு ஆகாது, கடலையே பார்க்காத மீனைக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுசீந்திரம் போனேன். அங்கே ஒரு குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடப்பொறத்துல இருந்து கொளத்து மீனு வாங்க வந்த ஆளை இப்பத்தான் பாக்கேன்வோய்" என்று விற்றவர் பக்கத்தில் நின்றவரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கொழுத்த கட்லா மீன்களாக வாங்கி வந்தேன்.

"அக்கா, இது கடலைப் பாக்காத மீனு. பொறந்தது, வளந்தது, செத்தது எல்லாம் சுசீந்திரத்துல. தேரோட்டம் வேணும்னா பாத்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. மீனைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செதில் உரித்து வயிற்றைக் கீறினாள். முன்பெல்லாம் குடலை ஒரே இழுப்பில் எடுத்துக் காக்காய்க்கு எறிந்துவிடுவாள், பேச்சுகூட நிற்காது. அன்றைக்குக் குடலை ஒரு தட்டில் வைத்தாள். விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். இரைப்பையைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து, உள்ளே இருந்ததை எல்லாம் தட்டில் பரப்பினாள். சேறும் பாசியும்தான். அடுத்த மீனிலும் அதையே செய்தாள்.

குளத்து மீனில் சேற்று வாடை இருக்கும், அதைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். "பொன்னு கின்னு தேடுதியா அக்கா?" என்றேன்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மத்ததெல்லாம் செமிச்சிரும் மக்கா. உத்தரியக் கயிறு செமிக்காது."

"அக்கா, இது கொளத்து மீனு."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

அன்று அவள் கறி வைத்தாள். வந்தவர்கள் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள். ஒரு துண்டுகூட அவள் வாயில் வைக்கவில்லை.

மறுநாள் அவளே ஏலத்துக்கு ஆள் விட்டுக் கடல் மீன் வாங்கியிருந்தாள். சூரை. என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கை ஓடல. நீ அறு. வயித்தைப் பாத்துப் போடு."

"எனக்கு மீன் அறுக்கத் தெரியாதுக்கா."

"ஏசியைப் பிரிச்சுப் போட்டவனுக்கு மீனா பெரிசு?"

அப்படித்தான் நான் மீன் அறுக்கிறவனானேன். முதல் நாள் பித்தப்பையை உடைத்துவிட்டேன். கறி கசந்தது. திருச்சூர்க்காரர் ஒருவர் இது ஏதோ நாட்டு மருந்து என்று இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். போகப் போகக் கை பழகியது. என் கடைக்குப் பின்னால் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்து அறுப்பேன். ஆரம்பத்தில் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். எப்போது உண்மையிலேயே பார்க்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. செமிக்காத நெத்தலி, வலைத் துணுக்கு, பிளாஸ்டிக் என்று வரும். பழுப்பாக எது நெளிந்தாலும் விரலால் நீட்டிப் பார்ப்பேன். கழுவிய மீனை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "ஒண்ணும் இல்லக்கா" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

வேன்கள் திரும்பி வந்தன. பெஞ்சுகள் நிறைந்தன. சாப்பிடுகிறவர்கள் கறியோடு தங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கறி எதற்காக வைக்கப்படுகிறது என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் என்னால் மீன் சாப்பிட முடியவில்லை. வைராக்கியமா என்று மனைவி கேட்டாள். கொலஸ்ட்ரால் என்றேன்.

அக்கா மெலிந்துகொண்டே வந்தாள். இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று என் மூளை மறுபடியும் வேலை செய்தது. கோட்டாற்றுக்குப் போனேன். பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் ஜெபமாலை விற்கிற ஒரு கடையில் உத்தரியம் கேட்டேன். இரண்டு நிறம் எடுத்துப் போட்டார் கடைக்காரம்மா. பழுப்பை எடுத்தேன்.

"சாமியார்ட்ட குடுத்து மந்திரிச்சு வாங்கிட்டுப் போடணும், கேட்டியளா?"

கேட்டுக்கொண்டேன். எங்கள் போதகர் மட்டும் என்னை அந்தக் கடை வாசலில் பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு வேறு வசனம் தேட வேண்டியிருக்காது. வாங்கி வந்ததைப் பழையதாக்க வேண்டுமே. சர்பத் பாட்டிலில் கடல் நீரை நிறைத்து அதில் ஊறப்போட்டேன். எடுத்து மணலில் தேய்த்தேன், மறுபடி ஊறப்போட்டேன். துணி நைந்து, கயிறு திரிதிரியாகப் பிரியும்வரை பொறுத்திருந்தேன். என் திட்டம் இதுதான்: ஒரு பெரிய சூரையின் வயிற்றில் அது கிடந்தது என்று சொல்லப்போகிறேன். அவள் அழுவாள். பெட்டியில் அதை வைத்து அடக்கம் செய்வாள், பூசை நடக்கும், பிறகு ஒரு வாய் சோறாவது தின்பாள். திட்டத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை, கரை நிறைய ஆட்கள். பெரிய சூரையாகவே வாங்கியிருந்தாள். உத்தரியம் என் சட்டைப் பையில் ஈரமாக இருந்தது. மீனை அறுத்தேன். வயிற்றைப் பார்த்தேன், பழக்கம். ஒன்றும் இல்லை. பையில் கையை விட்டேன். எடுக்க முடியவில்லை. கையில் மீன் ரத்தம், துணி ஒட்டிக்கொண்டது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் அவள் மனதைக் கொஞ்சம் தயார்செய்வோம் என்று கழுவிய மீனோடு அவள் கடைக்குப் போனேன்.

அவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன், அதுவும் பழக்கம்தான். அவள் தீக்குச்சியை உரசினாள். தோள் தளர்ந்து, முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அத்தனை காலமும் அதை ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டைப் பையின் ஈரம் நெஞ்சில் பட்டது.

"அக்கா, ஒருவேளை நாளைக்குக் கெடைச்சுதுன்னு வையி..."

அவள் சட்டியை அடுப்பில் தூக்கி வைத்தாள்.

"கெடைச்சாலும் இல்லன்னே சொல்லு."