விரல் விடாத கணக்கு

மனக்கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு தெரிந்தால் போதாது, மனசும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். வீட்டில் ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து "எட்டும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் இனம், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இருந்தது நூம்பல் பக்கத்தில் ஒரு கூரைப் பள்ளி. யுத்தம் வந்ததில் சிலேட்டு கிடைக்காமல் போயிற்று. ரெண்டாம் வகுப்புக்கு எல்லாம் வாய்க்கணக்குதான். "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். பிள்ளைகள் விழித்தால் ரெண்டாம் வகுப்பையே எடுத்துவிடுவார்கள்" என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் பூந்தமல்லிக்கு நடக்க வேண்டும். பையன்கள் நடப்பார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? மறுநாளே களை பறிக்கப் போய்விடுவார்கள்.

பத்தாக்குவது

எட்டோடு ஐந்தை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டாமல், முதலில் எட்டைப் பத்தாக்கச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எதையும் கதையாகச் சொன்னால்தான் வரும். எட்டு மாட்டுக்காரர் ஒருவர். பத்து மாடு ஆகவேண்டும் என்று அவருக்கு ஆசை. பக்கத்து வீட்டில் ஐந்து மாடு. அங்கே போய் ரெண்டு வாங்கிக்கொண்டார். இங்கே பத்து, அங்கே மூன்று, ஆகப் பதிமூன்று.

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. கோவிந்தன் மட்டும் எழுந்தான். அவன் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். "பதிமூணு சரிதான் சார். ஆனா எட்டு மாடு வச்சிகினு கீறவனுக்கு, அஞ்சு வச்சிகினு கீறவன் ஏன் சார் குடுக்கணும்?"

கைகட்டு உத்தரவு

பிள்ளைகள் மடிக்குள் கையை வைத்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணுவதைப் பெரிய வாத்தியார் பார்த்துவிட்டார். அன்று முதல் கணக்கு நேரத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ரெண்டே நாளில் விடைகள் மழையாகக் கொட்டின. எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் கீழே பார்த்தேன்: ஆறும் ஏழும் என்றதும் வரிசை முழுக்கக் கால்விரல்கள் மண்ணில் ஒவ்வொன்றாக எழுந்து எழுந்து உட்கார்ந்தன.

பெரிய வாத்தியார் பிரம்பால் தரையைத் தட்டி, "நான் எண்ணுகிறேனா இப்படி?" என்று அதட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சன்னமாக வந்தது: "நீங்கதான் பூட்ஸ் போட்டுகினு கீறீங்களே சார், உள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

முனியம்மாவின் ஆடுகள்

முனியம்மா கெட்டிக்காரி, கழித்தல் மட்டும் இடறும். பதிமூன்றிலிருந்து பின்னோக்கி இறங்குவாள், நடுவில் வழி தவறிவிடும். "இறங்காதே, ஏறு" என்றேன். "உங்கள் ஆடு பதிமூணு. பட்டிக்கு ஒன்பது வந்தாச்சு. இன்னும் ஒண்ணு வந்தால் பத்து, அப்புறம் மூணு. வரவேண்டியது எத்தனை?" "நாலு சார்!" முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் மணி அடிக்குமுன் அவள் அம்மா தலைவிரி கோலமாக வந்து நின்றாள். பெண் ராத்திரி முழுக்க "ஒம்போது வந்தாச்சு, நாலு வர்ல" என்று ஒப்பித்திருக்கிறாள்; இவள் போய்ப் பட்டியைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள். நான் மெதுவாக விளக்கினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது: "கணக்குக்கு வேற யார் ஊட்டு ஆடும் கெடைக்கலியா வாத்தியாரே?"

ஐந்து படி அரிசி

இன்ஸ்பெக்டர் வந்தார். கோவிந்தன் கூட்டலைச் சொல்லிவிட்டான், கால்விரல் அசையவில்லை. அடுத்து முனியம்மா. "உங்கள் வீட்டில் ஐந்து படி அரிசி. ஐந்தையும் பொங்கியாயிற்று. மீதி?" ரெண்டாம் வகுப்பின் மிகச் சுலபமான கணக்கு. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். "நெறஞ்சி கீது சார்" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் முன்னால் வந்து, "மாங்காயில் கேட்டுப் பாருங்கள் ஐயா" என்றேன். ஐந்து மாங்காய், ஐந்தும் தின்றாயிற்று. "ஒண்ணும் இல்ல சார்!" கேள்வி முடியுமுன் விடை. "அப்படியானால் அரிசி?" "மாங்காய இல்லன்னு சொல்லலாம் சார். அரிசிய அப்டி சொன்னா எங்கம்மா வாயிலயே போடும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பெரிய வாத்தியார் பக்கம் திரும்பினார். "என் வீட்டில் நான் சொன்னாலும் இதே கதிதான், ஐயா. ரெண்டாம் வகுப்பு இருக்கட்டும். அரிசிக் கணக்கை நான் எடுத்துவிடுகிறேன்."

ஆகமொத்தம், அந்தப் பரீட்சையில் பிள்ளைகள் தேறியதில் ஆச்சரியமில்லை, கேள்வி கேட்டவரும் கற்றுக்கொடுத்தவனும் தேறியதுதான் ஆச்சரியம்.