கதவில் ஏறி வந்த கட்டைவால்

என் மனைவிக்குப் பண்ணையில் ‘எழுப்பி’ என்று பேர். படுத்துவிட்ட மாட்டை எழுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டிராக்டர் ஓட்டும் என்னைக் காலையில் எழுப்ப மட்டும் அவளால் முடியாது என்று பால் கறப்பவர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அந்த முறை விழுந்தது கட்டைவால் பசு. கன்று போட்ட மறுநாள், உடம்பில் கால்சியம் குறைந்துபோய்ப் படுத்துவிட்டது. டாக்டர் மருந்து ஏற்றிவிட்டுப் போனார். எழவில்லை. முதலாளி சொன்னபடி இடுப்பில் இடுக்கி மாட்டி இயந்திரத்தால் தூக்கினோம். இறக்கியதும் பின்னங்கால்கள் சிமென்ட் தரையில் வழுக்கி, தொப்பென்று விழுந்தது. மூன்று தடவை.

“நாளைக்கு மதியம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு முடிச்சிடலாம். அது படுற பாட்டைப் பார்க்க முடியல” என்றார் முதலாளி. கல்நெஞ்சக்காரர் இல்லை. பொறுமைதான் அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

தாயில்லாத கட்டைவாலைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் என் மனைவி. அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னை இழுத்துப்போய் மாட்டை மறுபக்கம் புரட்ட வைத்தாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் சிக்கிய கால் மரத்தே போய்விடுமாம்.

மறுநாள் காலையில் தரையை மிதித்துப் பார்த்தாள். “மாட்டுக்கு ஒண்ணும் இல்லைங்க. தரைக்குத்தான் சீக்கு. மணலுக்குக் கொண்டு போனா எழுந்துக்கும்.”

“எப்படி? கழுத்துல கயிறு போட்டு இழுக்கவா?”

“உங்க கழுத்துல போடுவேன். அகலமா பலகை வேணும்.”

பண்ணையில் அவ்வளவு அகலமான பலகை ஒன்றுதான் உண்டு. முன்பு தீவனக் கிடங்காக இருந்த முதலாளியின் ஆபீஸ் கதவு. அவர் வெளியே போயிருந்தார். “வேலை போயிடும்டி!” என்றேன். அவள் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். அவள் சொல்லி நான் தட்டிய காரியம் இதுவரை ஒன்றுகூட இல்லை. கழற்றினேன்.

கட்டைவாலைக் கதவின்மேல் புரட்டிக் கட்டி, டிராக்டரில் ஆமை வேகத்தில் இழுத்தேன். அது மகாராணி மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தது. ஆபீஸுக்கு எதிரே, மர நிழலில் மணலில் இறக்கினோம். என் மனைவி கன்றைக் கண்ணெதிரே கட்டினாள், தண்ணீர் வைத்தாள், வேடிக்கை பார்த்த எல்லோரையும் விரட்டினாள். “இத்தனை பேர் முறைச்சுப் பார்த்தா யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்?”

முதலாளி திரும்பி வந்து, கதவில்லாத ஆபீஸைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “மதியம் ஆகட்டும், உங்க ரெண்டு பேரையும் கவனிச்சுக்கறேன்!” வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர், அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை.

பத்து மணி வாக்கில் கன்று ஒரு தடவை கத்தியது. கட்டைவால் பின்பக்கத்தை உயர்த்தியது, தள்ளாடியது, நின்றே விட்டது! என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான். டிராக்டர் புகை என்று சமாளித்தேன்.

மதியம் வரை அது நின்று, கன்றை நக்கி, பால் கொடுத்தது. பிறகு நாங்கள் ஆபீஸுக்குப் போனோம். உள்ளே முதலாளி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமா டாக்டர், ஊசியோட வந்துடுங்க. இனி அது எழாது...”

புட்டிப்பால் பழக்கம், அவள் போகுமிடமெல்லாம் கட்டைவாலும் வரும். மெல்ல நடந்து வந்து, கதவில்லாத வாசலில் தலையை நீட்டி, மேசைமேல் மாதிரிக்கு வைத்திருந்த தீவனத்தில் வாய் வைத்தது.

முதலாளி திரும்பினார். கட்டைவாலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனில், “வேண்டாம் டாக்டர், வர வேண்டாம்” என்றார்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “கதவைக் கழுவி மாட்டிடறோங்க.”

“அந்தக் கதவு இனி கொட்டகையில இருக்கட்டும்மா, அடுத்து படுக்கற மாட்டுக்கு உதவும்” என்றார் அவர், கட்டைவாலின் நெற்றியைத் தடவிக்கொண்டே. “நான் வேற கதவு போட்டுக்கறேன்.”