முள் பூஜ்யம் காட்டினாலும் நம்பாதீர்கள்

பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் தெரிந்ததைச் சொல்லிச் சம்பளம் வாங்குவார்கள். ஆய்வுக்கூட உதவியாளர்களான நாங்கள் தெரிந்ததைச் சொல்லாமலே வேலையைக் காப்பாற்றிக்கொள்வோம். எந்த அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கும் இது புரியும்.

எனக்கு மட்டும் தெரிந்தது

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், கிருமிகளைப் பற்றி ஆராயும் ஒரு துறையில் இருந்தேன். கண்ணாடிக் குழாய்களை நீராவியில் அவித்தெடுக்க அங்கே பீப்பாய் போல ஓர் ஆட்டோகிளேவ் உண்டு. அழுத்தம் காட்டும் அதன் முள்ளில் ஒரு கோளாறு. உள்ளே ஆவி அடங்கும் முன்பே சில நாள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பக்கத்துத் திருகைத் திறந்து, ஆவி நின்றதா என்று பார்த்த பிறகே மூடியைத் தொட வேண்டும். ஒருமுறை மயிரிழையில் தப்பித்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

நான் புகார் செய்யவில்லை. புது இயந்திரம் வந்துவிட்டால் என்னை யார் தேடுவார்கள்? தமிழரான விரிவுரையாளர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னது எனக்குப் பதக்கம் மாதிரி இருந்தது: "லிங்கம் இல்லாட்டி இந்த மெஷின் யார் பேச்சையும் கேக்காது."

மூன்று நாள் விடுப்பு

மகளுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் போகவில்லை. இரண்டாம் நாள், என்னோடு வேலை பார்த்த சுல்தான் பாய் ஆட்டோகிளேவைப் போட்டிருக்கிறார். முள் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்துதான் மூடியைத் திறந்தார். ஆவி வலது கையையும் கழுத்தையும் வெந்துபோக வைத்துவிட்டது.

மறுநாள் திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவர், என்னைக் கண்டதும் சிரிக்க முயன்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நீ இருந்திருந்தா இது ஆயிருக்காது லா, லிங்கம்."

சனிக்கிழமைத் தேநீர்

துறைத் தலைவர் டாக்டர் லிம் யாரையும் திட்டவில்லை. இயந்திரத்தை மாற்றச் சொன்னார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் எல்லாரையும் தேநீருக்கு அழைத்தார். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். பன்னிரண்டு பேர் கோப்பைக்குள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வாரா வாரம் இப்படி உட்கார்ந்திருப்போம், பரவாயில்லை என்றார் அவர்.

வெளியே வந்ததும் ஸ்டோர் பொறுப்பாளர் யூசோப் மலாய் மொழியில் என் காதோரம் சொன்னதைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்: "எல்லாத்தையும் சொல்லிட்டா, நாளைக்கு என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"

என் முறை

இரண்டு மாதம் கழித்து சுல்தான் பாய் வேலைக்குத் திரும்பினார். விரல்கள் மடங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் எழுந்து நின்றேன். முள்ளைப் பற்றிச் சொன்னேன். முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். பாய் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் யூசோப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அமிலப் புட்டிகளை எந்தெந்த அலமாரியில் மாற்றி வைத்திருக்கிறான் என்று சொல்லத் தொடங்கினான். மற்றவர்களும் பேசினார்கள்.

மறுநாள் ஜாலான் புசாரில் பாய் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சட்டைப் பொத்தான என் பொண்டாட்டிதான் போட்டு விடுறா. நீ இங்க வராத, லிங்கம்."

பாய் பேசிய நாள்

அவரை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் ஒரு தடித்த நோட்டில் ஏறியது. புதிதாக வந்தவர்கள் முதலில் அதைத்தான் படித்தார்கள். ஒரு வருடம் கழித்து பாய் தானாக வந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அடிபட்ட அன்று உதவிக்கு ஓடியவர்கள் போன் அறைச் சாவியைத் தேடி அலைந்ததைச் சொன்னார். கடைசியில் இப்படி முடித்தார்: "அது வாட்ச்மேன்கிட்ட இருக்கு. எல்லாரும் எழுதிக்குங்க."

நானும் எழுதிக்கொண்டேன். அதன்பின் எட்டு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தோம்; அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தனை வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்து நான் படித்தது ஒரே ஒரு பாடம்தான், அதற்கும் தழும்பு இன்னொருவர் கையில்.