டிரம் அடிக்க வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம் முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் காரைக்கால் அரசலாற்றில் நடந்தது இது.

நான் இருபத்தோரு வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே இருந்தபோதுதான் இங்கே என் அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றியது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான்கு மாதம் அவர் வலியில்லாமல் தன் வீட்டில், தன் கட்டிலில் இருந்தார். அதற்குக் காரணம் ஒரு சின்னக் குழு: ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு பழைய வேன். வீடு வீடாகப் போய் வலிக்கு மருந்து கொடுப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்கள். ஊருக்கு வந்ததும் அந்த வேனை ஓட்ட நானே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அந்த வருட மழையோடு வேன் படுத்துவிட்டது. நெடுங்காடு பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ் பஸ்ஸில் போய் இறங்கி, மருந்துப் பையோடு வயல் வரப்பில் நடந்தார். புது வண்டிக்கு நன்கொடை திரட்ட என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது யோசனை சொன்னது நான்தான். துபாயில் கம்பெனிகளுக்குள் டிராகன் படகுப் போட்டி நடக்கும். நீளமான படகில் இரண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். முகப்பில் ஒருவர் அவர்களைப் பார்த்து உட்கார்ந்து டிரம் அடிப்பார். அந்த அடிக்கு எல்லாத் துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழ வேண்டும். எங்கள் கம்பெனி அணிக்கு ஆறு வருடம் நான் கேப்டன். அதை நம் ஆற்றிலும் நடத்தலாம், ஒவ்வொரு படகின் பேரிலும் ஒரு கடைக்காரர் நன்கொடை தரட்டும் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது.

டிராகன் தலைக்கெல்லாம் நாங்கள் எங்கே போவது? காரைக்கால்மேட்டு மீனவர்கள் நான்கு பைபர் படகுகளை இன்ஜினைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு டிரம்கள் வந்தன. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு படகு, கோட்டுச்சேரி வியாபாரிகள் ஒரு படகு, துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் ஒரு படகு. நான்காவது எங்கள் படகு. என்னைப் போல வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் மேட்டு மீனவர்களும் கலந்த அணி. கேப்டன் யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சந்தேகமில்லை.

காரைக்கால்மேட்டில் நாங்கள் வாரம் ஒருமுறை போகும் வீடு ஒன்று உண்டு. நாற்பத்து மூன்று வயது மீனவர். நாக்கில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தும் நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது. பேச முடியாது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் சாப்பாடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். போட்டி பற்றி அவர் மனைவியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்தவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். நோட்டில் எழுதியிருந்தார்: "டிரம் நான் அடிக்கிறேன்."

நான் சிரித்து மழுப்பினேன். பிறகு அவர் மனைவியைத் தனியாக வாசலுக்கு அழைத்து, "வேணாம் தங்கச்சி, தண்ணியில தவறி விழுந்துட்டா என்ன ஆவுறது? கரையில நல்ல சேர் போட்டு உக்கார வைக்கிறேன். பரிசு அவரு கையாலயே குடுக்கச் சொல்றேன்" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தப் பெண் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். குரலைத் தணிக்கவே இல்லை.

"என்ன பாய், அவரு போயிட்டாருன்னே முடிவு பண்ணிட்டீங்களா? உள்ளதான இருக்காரு. அவருகிட்ட சொல்லுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பொறுப்பை டாக்டர் தலையில் போட்டுவிடலாம் என்று அடுத்த நாள் அவரையே அழைத்துப்போனேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆபத்து இருக்குன்னு தெரியும்ல? தெரிஞ்சும் போவணுமா?" என்று கேட்டார். மீனவர் தலையசைத்தார். அவ்வளவுதான். மிதவைச் சட்டை, பின்னாலேயே ஒரு காவல் படகு, கிளம்புவதற்கு முன் வலி மருந்து என்று ஏற்பாடு செய்துவிட்டு டாக்டர் எழுந்துகொண்டார்.

போட்டி எட்டு மணிக்கு. கடல் ஏறி, ஆற்றில் தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும் நேரமாகப் பார்த்து நான்தான் வைத்திருந்தேன். ஆனால் மேடையில் பேச வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். படகுகள் கிளம்பும்போது தண்ணீர் கடலை நோக்கி வேகமாக இழுக்க ஆரம்பித்திருந்தது. பாலத்துக்குப் பக்கத்திலிருந்து முகத்துவாரப் பக்கம் போய், கொடி நட்ட மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

போகும்போது பறந்தோம். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் கதை மாறிவிட்டது. பத்துப் பேர் துடுப்புப் போட்டும் படகு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. மற்ற மூன்று படகுகளும் எங்களுக்கு முன்னால் இருந்தன. முகப்பில் டிரம்மோடு உட்கார்ந்திருந்த அவர் அடித்துக்கொண்டே தலையால் தென்கரையைக் காட்டினார். பின்னால் நின்று படகைத் திருப்புபவர் அவருடைய மச்சான். அவர் உடனே கரைப்பக்கம் சாய்க்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"அங்க தரை தட்டும். நேரா போங்க!" என்று கத்தினேன்.

அவர் இன்னொரு முறை காட்டினார். நான் இன்னொரு முறை கத்தினேன். டிரம் நின்றுவிட்டது.

இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபமான பார்வைகூட இல்லை. இந்த ஆற்றில் பிறந்து வளர்ந்தவன் நான், நீ எப்போது முடிக்கிறாயோ முடி என்பதுபோல் ஒரு பார்வை. அடி இல்லாமல் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. படகு பின்வாங்கியது. கரையில் நின்றவர்கள், அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தார்கள். அவர் மனைவி மட்டும் அசையவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

அந்தச் சில நொடிகளில் எனக்கு உறைத்தது. அவர் வீட்டு வாசலில் செய்ததையேதான் இங்கேயும் செய்துகொண்டிருந்தேன்.

"அவரு சொல்ற பக்கம் திருப்புங்க" என்றேன்.

குச்சிகள் மேலே எழுந்தன. கரையோரம் இழுப்பு பாதிகூட இல்லை. தரையும் தட்டவில்லை. எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே மணல் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடி வேகமாகிக்கொண்டே போனது. நடு ஆற்றில் திணறிக்கொண்டிருந்த வியாபாரிகளைத் தாண்டினோம். கல்லூரிப் பிள்ளைகளைத் தாண்டினோம். துறைமுக அணியை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஒரு கை நீள வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தோம்.

கரையில் எல்லோரும் எழுந்து நின்று அவருக்காகக் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, மனைவியிடம் நோட்டை வாங்கி விறுவிறுவென்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வலது பக்கம் மூணாவது ஆளு தூங்குறான். அவனாலதான் தோத்தோம். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு எல்லாரும் வரணும்."

வலது பக்கம் மூன்றாவது ஆள் நான். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். டிரம் அடித்தவருக்குச் சிரிப்பே வரவில்லை. தோற்ற கோபம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு நாங்கள் பத்துப் பேரும் போனோம். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் போனோம். போட்டி எதுவும் இல்லாமலே அவர் அடிக்க நாங்கள் துடுப்புப் போட்டோம். நான் அவரிடம் வாங்கிய திட்டு மட்டும் அந்த நோட்டில் நாலு பக்கம் இருக்கும். மாசிக் கடைசியில் அவரால் எழுந்து உட்கார முடியாமல் போனது. போட்டியில் சேர்ந்த பணத்தில் புது வண்டி வந்ததும் முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் ஓட்டிப்போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஹாரன் சரியில்லை என்று எழுதிக் காட்டினார். சித்திரையில் ஒரு மத்தியானம், வலியில்லாமல், மனைவி மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார்.

இன்றும் அந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் இருப்பவர்களிடம் "எப்படி இருக்காரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இப்போது நேராகக் கட்டிலுக்குப் போய், அதில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன்.